திரும்பும் வண்டியை நிறுத்துவது பற்றி

மகா ராஜ ராஜ ஸ்ரீ ஷபீ அஹமது சாயபு அவர்கள் சமூகத்துக்கு,

ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியும் மோட்டார் சர்வீஸின் மானேஜிங் பங்காளியுமாகிய தங்களுக்கு, கணியம்பாடிக்குத் தெற்கே மூன்று மைலில் குடியிருக்கும் பங்குதாரன் வேதாசல முதலியார் நமஸ்காரம் சொல்லி எழுதிக்கொண்டது.

தங்கள் கம்பெனி எனக்குச் செய்த அநியாயம் இது: போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் தங்கை சௌந்தரத்தை என் வாசலில் கொண்டுவந்து இறக்கியது. அன்றே பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஐந்து மணி நேரம். அதற்குள் ஒரு படி உளுந்துகூட ஊறி அரைபட்டுப் புளிக்காது. க்ஷேமலாபங்களைக் கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன். இப்போது மனசு ஆறவில்லை.

தங்கள் தகப்பனாருக்கு முப்பது வருஷம் ஆவாரம் பட்டை போட்டவன் நான். அந்தப் பட்டையில் பதமான தோல் லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தானே தாங்கள் நாலு வருஷத்துக்கு முன் என் வீடு தேடி வந்தீர்கள்? கானாற்றில் பாலம் கட்ட டிஸ்டிரிக்ட் போர்டில் பணமில்லை என்கிறார்கள், நாமே போட்டுக் கட்டினால் உங்கள் ஊருக்கு பஸ் விடுகிறேன் என்றீர்கள். நான் தயங்கினேன். "இன்னா முதலியாரே, லண்டன்ல இருக்கிற துரை நம்ம ஊரைக் கண்ணால பார்த்ததில்ல. அவன் துட்டு போட்டு இங்க ரயில் ஓடுது. நீங்க உங்க ஊட்டு வாசலுக்குப் போட மாட்டீங்களா?" என்றீர்கள். நான் அதற்கும் மசியவில்லை. லண்டன் துரைக்கு நஷ்டம் வந்தால் சர்க்கார் வட்டி கட்டும், எனக்கு யார் கட்டுவார் என்று கேட்டேன். அப்போதுதான் தாங்கள் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "ராணிப்பேட்டையிலேர்ந்து உங்க தங்கச்சி காலையில கிளம்பினா பத்து மணிக்கு உங்க வாசல்ல." அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்கு வருவாள் என்றீர்களே, மூணு மணிக்குப் போய்விடுவாள் என்று சொன்னீர்களா? அதை மறைத்தது வியாபாரத்தில் சேர்த்தியா?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். அவளைக் கட்டிக்கொடுத்த புதிதில் கட்டை வண்டியில் வருவாள். பாலாற்று மணலில் மாடு படுத்துவிடும். நடுவில் ஓரிடம் தங்கி மறுநாள்தான் வந்து சேருவாள். வந்தால் ஒரு மாசத்துக்குக் குறையாமல் இருப்பாள். பிறகு கணியம்பாடிக்கு ரயில் வந்தது. எட்டு நாள் இருந்தாள். இப்போது நம் கம்பெனி பஸ். ஐந்து மணி நேரம். எவன் எவன் பணம் போட்டு வழியைச் சுருக்குகிறானோ அவன் தங்கலையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறான். நாளைக்கு யாராவது ஆகாயக் கப்பல் கம்பெனி வைத்தால் அவள் இறங்கக்கூட மாட்டாள், மேலிருந்தே நலமா அண்ணா என்று கேட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பங்கு விற்க மட்டும் என்னிடம் வராதீர்கள்.

தங்களுக்குப் பெரிய குடும்பம், தெரியாது. வந்த மனுஷர் முதல் நாள் வழியைப் பற்றிப் பேசுவார், ரெண்டாம் நாள் ஊரார் சங்கதி. மூன்றாம் நாள்தான் சொந்த விஷயம் வாயில் வரும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஐந்து மணி நேரத்தில் நாங்கள் ரெண்டு பேரும் வழியைப் பற்றியே பேசி முடித்தோம். வேலூர் லாங் பஜாரில் வண்டி மாறினாளாம், மேல்கூரையில் பச்சைத் தோல் கட்டு ஏற்றியிருந்ததாம், நாற்றம் தாங்கவில்லையாம். இதுதான் என் தங்கை பேச்சு. என்னிடம் ஒரு மூன்றாம் நாள் விஷயம் இருந்தது. அதைத் தங்களுக்கு எழுத முடியாது; எழுத முடிந்தால் அது முதல் நாள் விஷயம். தை மாசத்தில் என் சம்சாரம் தவறிப்போனது தங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் பதிலுக்காகச் சமையல்கட்டைப் பார்த்து நிற்கிற நாள் உண்டு. அவ்வளவுதான், அதை விடுங்கள்.

நான் முன்னேற்பாடு இல்லாமல் இருக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து, செவ்வாய்க்கிழமை வா என்று நானே எழுதினேன். தெற்கே வருவதற்குத் தோஷமில்லை. திரும்ப வேண்டுமானால் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், போகக் கூடாது. வியாழன் அஷ்டமி. வெள்ளி நவமி, அதுவும் தவிர வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்புவதில்லை. சனி அவள் ஜன்ம நட்சத்திரம், ஞாயிறு கரிநாள். ஆக திங்கள் வரைக்கும் அவள் நகர முடியாது. கட்டை வண்டிக்காரன் ஒருவனும் இதை மீறினதில்லை, மாட்டையே பூட்ட மாட்டான். அதனால் நிம்மதியாக உளுந்து ஊறப்போட்டேன்.

மூணு மணிக்கு ஹாரன் அடித்தது. அவள் கூடையை எடுத்தாள். நான் வாசலுக்குப் போய்த் தங்கள் டிரைவர் வாஹித் பாஷாவிடம், "இன்னிக்கு வடக்கே சூலம், வண்டியை எடுக்காதே, நான் இந்தப் பாலத்தில் பங்குள்ளவன்" என்றேன். அவன் இறங்கிக்கூட வரவில்லை. "பெரியவரே, சூலம் வடக்கத்தானே? நான் வடக்க திரும்பலியே. மூஞ்சி தெற்கயே இருக்கட்டும், ரிவர்ஸ்லயே போயிடறேன். சூலத்துக்கு இன்னா தெரியப் போவுது!" வண்டி முழுக்கச் சிரித்தது. நான் சௌந்தரத்தைப் பார்த்து, "ஆறு நாளைக்குப் பிரயாணம் கூடாது, பஞ்சாங்கத்தில் இருக்கிறது" என்றேன். "பஸ்ஸுக்குப் பஞ்சாங்கம் ஏதுண்ணா" என்று ஏறிவிட்டாள். பங்குதாரன் தங்கை என்று கண்டக்டர் துரைசாமி முன் சீட்டுக் கொடுத்தான். அந்த மரியாதையாவது இருந்தது.

அந்த பாஷா சொன்னபடியே செய்தான். கானாற்றுப் பாலம் வரைக்கும் வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். போகிற வண்டி என்றால் முதுகைத்தானே காட்டும்? இது என்னைப் பார்த்துக்கொண்டே போச்சு. முன் கண்ணாடியில் அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போச்சு. நான் எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறேன், இப்படி முகத்தோடு முகம் பார்த்து அனுப்பினதில்லை. நடுவில் அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள், அவளுமா சிரிக்கிறாள் என்று எனக்கு ஒரே கோபம். உள்ளே போய் ஊறின உளுந்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒருத்தனுக்கு எத்தனை இட்லி வேணும்?

ஆகையால் பங்குதாரன் என்ற முறையில் சொல்கிறேன். தாங்கள் மூணு மணி வண்டியை நிறுத்திவிட வேண்டியது. வண்டி வரலாம், போகக் கூடாது. வந்த வண்டிகள் இங்கே சேர்ந்துபோனால் நிறுத்த என் களத்தில் இடம் இருக்கிறது. அது முடியாவிட்டால் எட்டு நாளைக்கு ஒரு முறை மட்டும் திரும்பட்டும். வாஹித் பாஷா ஒரு பஞ்சாங்கம் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டியது. அவனுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் துரைசாமி படித்துச் சொல்ல வேண்டியது. காலையில் இறங்கின உறவுக்காரருக்கு அன்றைக்கே டிக்கெட் கிழிக்கக் கூடாது என்று துரைசாமிக்குத் தாங்கள் உத்தரவு கொடுக்க வேண்டியது. மற்ற பங்காளிகளைக் கூட்டி இதற்கெல்லாம் தாங்கள் சம்மதம் வாங்க வேண்டியது. யாரும் ஒத்துக்கொள்ளாத பட்சத்தில், பாலத்தில் என் பணத்துக்கு உண்டான கல்லை நான் பெயர்த்துக்கொள்வேன். எந்தக் கல் என்று பாலம் கட்டின மேஸ்திரி காட்ட வேண்டியது.

தங்கள் தாயார் அஜீஸுன்னிசா அம்மாளுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆண்டவன் அவருக்கு நல்ல சுகமும், தங்கள் பிள்ளைகளுக்கு ஆயுளும், ஷாப்புக்குக் குறையாத சரக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வேதாசல முதலியார்

பின்குறிப்பு: இதை ஒட்டித் துரைசாமி கையில் கொடுத்தனுப்ப வாசலில் நின்றேன். அவன் வாங்கிக்கொண்டு போகாமல் தலையைச் சொறிந்தான். "பெரியவரே, கோவிச்சிக்காதீங்க. அன்னிக்கு அம்மா வேலூர் வரைக்கும் அழுதுகினே வந்தாங்க." சிரித்தாள் அல்லவா என்றேன். "சிரிப்பா? முந்தானையை வாயில அடைச்சிகினு அழுதாங்க. கூடையில ரெண்டு மாத்துப் புடவை மடிச்சி இருந்தது, நானே பார்த்தேன். 'அண்ணன் சூலம் சொல்லுச்சு, அஷ்டமி சொல்லுச்சு, பாலத்துல பங்கு இருக்குதுன்னு சொல்லுச்சு. இரு சௌந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லலியேப்பா'ன்னாங்க."

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான்.

உறையைப் பிரித்து இதைச் சேர்த்திருக்கிறேன். மேலே கேட்டதில் ஒன்றையும் தாங்கள் செய்ய வேண்டாம். முக்கியமாக மூணு மணி வண்டியை நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு நான் அதில்தான் ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். எப்போது திரும்புவீர்கள் என்று துரைசாமி கேட்டான். இரு என்று அவளாவது சொல்கிறாளா பார்க்க வேண்டும்.