மடி வேஷ்டியில் பறந்தவன்

படம் பார்ப்பது தனியாளாகச் செய்துவிடக்கூடிய காரியம். பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை போடத்தான் இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்தாள். (அதையும் கெடுத்துக்கொண்டேன், அதுதான் கதை.)

அப்போது திருவெறும்பூர் பக்கம் வேலை. கே.கே. நகரில் அம்மாவும் நானும். அந்த வாரம் ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்திருந்தேன். தன்னால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாதென்று, பறக்கும் நாயகன் காதலியிடம்கூடச் சொல்லாமல் பனிமலைக்குத் தனியாகப் போய்விடுவான். தியேட்டரில் தேம்பித் தேம்பி அழுதேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கதையைச் சொன்னேன்.

"மலையில சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவான்?" என்றாள். (நியாயமான கேள்விதான்.) ஆபீஸில் யாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பேச ஆளில்லாமல் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

இந்த நிலைமையில்தான் ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் வைதேகி. கேசரி, பஜ்ஜி ஆனதும் அவள் அப்பா, "ரெண்டு பேரும் மாடியில செத்த பேசிண்டிருங்கோ" என்றார்.

மாடியேறியதும் நான் கேட்ட முதல் கேள்வியே அந்தப் படம் பார்த்தீர்களா என்பதுதான்.

"பாத்தேனே! முடிவு சுத்த அபத்தம்" என்றாள்.

"அபத்தமா? அது தியாகம்!"

"தியாகமாவது! பயந்தாங்கொள்ளி. அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டானா? மனுஷாளோட இருக்கறதுக்குத்தான் தைரியம் வேணும். மலையில போய் உக்கார என்ன தைரியம்?"

புத்தியுள்ளவன் அங்கேயே சிரித்திருப்பான். எனக்கோ சுர்ரென்று ஏறிவிட்டது. "அந்த சீனை நீங்க சரியாப் பாக்கலை, நான் காட்டறேன்" என்று தண்ணீர்த் தொட்டித் திண்டின் மேல் ஏறினேன். நாயகனுக்கு முதுகில் அங்கி வேண்டுமே? உயரக் கொடியில் ஒரு வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது. உருவிக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

அது மடி வேஷ்டி. குளித்துவிட்டு உலர்த்தி, மறுநாள் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணும்போது உடுத்துவது. வேறு யார் கையும் படக்கூடாது. அவ்வளவு உயரத்தில், கோலால் தள்ளிப் போட்டிருப்பதே அதற்காகத்தான். எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். (அன்றைக்கு என் மூளை பனிமலையில் இருந்தது.)

கையை வானத்துக்கு நீட்டி, "உலகத்துக்காக நான் தனியாப் போறேன்!" என்று கத்தியபோது அவள் அப்பா படியேறி வந்து நின்றார்.

"அது... நாளைக்குப் பெருமாளுக்கு..." என்றார். வைதேகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "வாதத்துல நான்தான் ஜெயிச்சேன். ஒத்துக்கறேளா?"

"ஒருநாளும் மாட்டேன்" என்றேன். என்ன வீராப்பு!

ஜாதகம் சேரவில்லை என்று தகவல் வந்தது. "அவ அப்பாவுக்குத்தான்டா கோவம். பொண்ணுக்கு இஷ்டமாம். நம்பர் இருக்கே, நீயே ஒரு போன் பண்ணேன்" என்றாள் அம்மா. தோற்றவன் மாதிரி நானே கூப்பிடுவதா என்று இருந்துவிட்டேன். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எனக்கு ஆகவில்லை. அம்மாவும் போனபிறகு வீட்டில் டிவிதான் பேசுகிறது.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "கொடியில வேஷ்டி கிடக்கு, இவனை மாடிக்கு அனுப்பாதீங்கோ!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

போன மாதம் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. தனியாகத்தான் போனேன். நாயகன் தாடியும் நரையுமாக மலையிலிருந்து இறங்கி வந்து, காதலி வீட்டுக் கதவைத் தட்டி, "தியாகமெல்லாம் இல்லை, பயந்துதான் போனேன்" என்றான். கதவைத் திறந்தது வேறு யாரோ.

படம் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

"ஒத்துக்கறேன்" என்றேன், பக்கத்து சீட்டைப் பார்த்து.

கூட்டிப் பெருக்க வந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். "என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, அந்த சீட்டில் வைத்திருந்த என் பையை எடுத்துக்கொண்டேன்.