ஞாயிற்றுக்கிழமை கிளம்பாத கார்

பெரகலச் சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த கஜேந்திரனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். வாரமெல்லாம் ஆணியோடும் தகரத்தோடும் மல்லுக்கட்டிய மனுஷன் ஒரு நாள் காலை நீட்டக்கூடாதா? கூடாது. மாமியார் இராக்கம்மாளை ஏற்றிக்கொண்டு மொனராகலைக்கு, அவளுடைய மூத்த மகள் வீட்டுக்குப் போகணும். வளைவுக்கு வளைவு "மெதுவா மாப்ள!" இறங்கினதும் "ஏன் இவ்வளவு நேரம்?" பாவம், அலுத்தே போய்விட்டார்.

கைகொடுத்தது ஜப்பான் கார்தான். வாங்கின புதிதில் மனைவி தயானியிடம் அவரே பீற்றிக்கொண்டது:

"இந்தச் சாவித் தலைக்குள்ள குட்டி சிப் ஒண்ணு இருக்கு. திருப்பினா வண்டி அதுகிட்ட ரகசிய நம்பர் கேட்கும். சரியா இருந்தாத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல். இல்லேன்னா ஸ்டார்ட்டர் சும்மா சுத்தும், எஞ்சின் பிடிக்காது. கள்ளன் இதே மாதிரி சாவி வெட்டிக்கிட்டு வந்தாலும் பருப்பு வேகாது!"

"அப்படியாங்க?" என்றாள் தயானி. தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

பதுளைக்குப் போய், சிப் இல்லாத சாவி ஒன்றை இரகசியமாக வெட்டி வந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. நிஜத்துக்குக் கறுப்பு வளையம், பொய்க்குச் சிவப்பு. ஞாயிறு காலையில் சிவப்பைத்தான் போடுவார். கிர்ர், கிர்ர். உச்சுக் கொட்டிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவார். அடடா, என்ன சுகம்!

ஒரு மாதம் இப்படியே ஓடியது.

"என்னங்க, திங்கக்கிழமை நல்லா ஓடுது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் படுத்துக்குது?"

"அதுக்கும் அலுப்பு இருக்காதா?"

"கண்ணூறா இருக்கும்."

அடுத்த ஞாயிறு தயானி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தினாள். இராக்கம்மாள், தயானியின் தம்பி, பக்கத்து வீட்டு ஸகீனா எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"கதிர்காமத்தானே! வண்டி இப்பக் கிளம்பிட்டா இவரு இன்னைக்கே உன் சன்னதிக்கு நடந்து வருவாரு. வருவீங்கதானே?" என்று கணவனைப் பார்த்தாள் தயானி.

கிளம்பவே கிளம்பாத வண்டிக்கு நேர்ந்துகொள்வதில் என்ன நட்டம்?

"ஓ! தாராளமா!" என்று சூடத்தை அணைத்துச் சத்தியமே பண்ணினார். உள்ளே உட்கார்ந்து சிவப்பு வளையத்துச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் கும்மென்று பிடித்துக்கொண்டது.

"முருகா!" என்று கும்பிட்டாள் மாமியார்.

கஜேந்திரனுக்கு வேர்த்துவிட்டது. ராத்திரி இரண்டு சாவியும் பையில் இருக்கச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினது தப்பாகிவிட்டது. யாரோ வளையத்தை மாற்றியிருக்கிறார்கள். யாரென்று கேட்டால், இரண்டு சாவி எதற்கென்று சொல்லணுமே!

"இன்னைக்கேவா? ரெண்டு மூணு நாள் நடையாச்சே!" என்றார் ஈனக் குரலில்.

"சாமி காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாதுங்க. நாங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டுக் கார்லயே கோயிலுக்கு வந்துடுறோம். தம்பி ஓட்டுவான்."

காரை விட்டு இறங்கி, அவள் நீட்டிய கையில் சிவப்பு வளையத்தை வைத்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"சட்டைப் பையில இருக்கிறதையும் குடுங்க. நடக்கிற ஆளுக்குச் சாவி எதுக்கு?"