டபிள்யூ போட்ட சோறு

இங்கிலீஷில் கஷ்டமான வார்த்தை எதைக் கேட்டாலும் நான் தப்பில்லாமல் எழுதிவிடுவேன். சுலபமான வார்த்தைதான் என் காலை வாரிவிடும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் கல்யாணமே இந்தக் கோளாறில் மாட்டிக்கொண்டு திண்டாடியது என்பதால் சொல்கிறேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் பாஸ். (அந்த நாளில் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். நான் குடையில்கூடப் போட்டு வைத்திருந்தேன்.) வாலாஜாபேட்டையில் உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் வேலூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். பெயர் பாக்கியம். பந்தியில் யாரோ சொன்னதற்கு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு வந்த ஜாதகம் எதையும் நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பாக்கியத்தின் அப்பா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நிலம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்க மாட்டாராம். பெண் பார்க்க வரும் பையனுக்கு டிக்டேஷன் வைப்பாராம். அதுவரை போனவர்கள் எல்லாரும் பெயில். குடியாத்தத்திலிருந்து போன பி.ஏ. ஒருவர், சாப்பிட்டுக்கொண்டிருந்த கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதாகக் கேள்வி.

நான் அரண்டுவிட்டேன். மண்டியில் தோலைத் தரம் பிரிக்கும் ஜலீல் பாய் என் தோஸ்த். என் படிப்புக்கு அவர்தான் துணை. தினமும் வேலை முடிந்ததும் அகராதியைத் திறந்து, இருப்பதிலேயே நீளமான வார்த்தையாகப் பார்த்து விரலை வைப்பார். நான் மனப்பாடம் செய்வேன்.

"இன்னாப்பா இது, நிமோனியாவுக்கு முன்னால ஒரு பி சும்மா குந்திக்கினு இருக்குது?"

"அதான் பாய் இங்கிலீஷ். கூப்பிடாத எழுத்து முன்னாடி வந்து உக்காந்துக்கும்."

"பேஜாரான பாஷையா இருக்குதே!"

கத்திக்கு முன்னால் ஒரு கே, எழுதுவதற்கு முன்னால் ஒரு டபிள்யூ, நிமோனியாவுக்கு முன்னால் ஒரு பி. படிக்கப் படிக்க எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது, அதைப் பிடிப்பவன்தான் கெட்டிக்காரன். (பிறந்த ஞானம் பிறக்காமலே இருந்திருக்கலாம்.)

குறித்த நாளில் அம்மாவும் நானும் கிளம்பினோம். தோல் வாடை தெரியக் கூடாது என்று ஜலீல் பாய் தன் அத்தரை என் சட்டையில் தாராளமாகத் தடவி அனுப்பினார். ரயிலில் எதிரில் உட்கார்ந்திருந்தவர் அடுத்த ஸ்டேஷனிலேயே வேறு பெட்டிக்குப் போய்விட்டார். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, வேலூரில் வாத்தியார் வீட்டு வாசலில் இறங்கினோம். தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கை கொடுத்தேன். அந்தச் சமயம் பார்த்துக் குதிரை கழுத்தை நீட்டித் தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பில் பாதியைத் தின்றுவிட்டது.

ஜட்காக்காரர் சாட்டையை ஓங்கினார். "அடிக்காதீங்க, பசி அதுக்கு" என்று தடுத்தேன். மிச்சமிருந்த சீப்பைத் தட்டில் வைத்தால் அசிங்கம் என்று அதையும் உரித்து ஊட்டிவிட்டேன்.

"ஏன்டா, பொண்ணு பாக்க வந்தியா, குதிரைக்கு விருந்து வெக்க வந்தியா?" என்றாள் அம்மா.

உள்ளே கேசரி வந்தது. கூடவே காகிதமும் பென்சிலும் வந்தன. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விதியைச் சொன்னார். "கேக்கறவனும் திருத்தறவனும் ஒரே ஆளா இருக்கக் கூடாது தம்பி. வார்த்தை சொல்றது பாக்கியம் பொறுப்பு. நான் திருத்தறதோட சரி."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. பிறகு பாக்கியத்தின் குரல்.

"ரோஸ்."

நான் திடுக்கிட்டேன். பார்லிமென்டும் நிமோனியாவும் தொண்டை வரை வந்து நிற்கும்போது ரோஸா? இதில் ஏதோ சூது இருக்கிறது. பி.ஏ.க்காரரையே கவிழ்த்த வீடு இது. யோசித்து, முன்னால் ஒரு டபிள்யூவை வைத்தேன்.

"நோஸ்."

மூக்குக்கு முன்னால் கே.

"ரைஸ்." நான் தயங்குவதைப் பார்த்தோ என்னவோ, குரல் இன்னும் மெதுவாக, "சோறு ஆக்கற ரைஸ்" என்றது. ஆகா, என்னை மயக்கப் பார்க்கிறார்கள்! டபிள்யூவை அழுத்தமாகப் போட்டேன்.

வாத்தியார் காகிதத்தை வாங்கிப் படித்தார். முதலில் மனதுக்குள், பிறகு எழுத்து எழுத்தாக வாய்விட்டு. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை பேர் வந்தாங்க. ரைஸ்ல யாரும் தோத்ததில்லை."

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பாக்கியம் கைநழுவிப் போகிறாளே என்ற பதற்றத்தில் நான் வாதாட ஆரம்பித்தேன்.

"பாஷைங்கிறது ஜனங்க பேசறது, எழுதறதுதானே சார்? எங்க மண்டியில மூட்டை மேல ஒரு வார்த்தையை ரொம்ப வருஷமா தப்பாதான் எழுதறாங்க. இப்போ லண்டன் கம்பெனிக்காரனும் பதில்ல அப்படியேதான் எழுதறான். எல்லாரும் எழுதினா அதுதானே சார் இங்கிலீஷ்?"

"எல்லாரும் எழுதினா சரி தம்பி. இதை உங்களைத் தவிர யார் எழுதறாங்க?"

அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். அறை முழுக்க என் அத்தர் மட்டும் வெட்கமில்லாமல் மணந்துகொண்டிருந்தது. வாலாஜாபேட்டைப் பந்தியில் பார்த்த அந்தச் சிரிப்பை இனி வேறு எவனோ பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, இன்னும் முடியலை. பாக்கி இருக்குது" என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல்.

வாத்தியார் புருவத்தை உயர்த்தினார். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"நிமோனியா."

என் பென்சில் பறந்தது. அடுத்து பார்லிமென்ட். அதற்கடுத்து, பட்டாளத்துக் கர்னல். அகராதியில் ஜலீல் பாயின் விரல் பட்ட இடங்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வாத்தியார் திருத்தினார். மறுபடியும் திருத்தினார். உள்ளே போய் அகராதியைக் கொண்டுவந்து சரிபார்த்தார். ஒரு தப்பும் இல்லை.

"இது இன்னா பிறவிம்மா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

திரைக்குப் பின்னால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதைக் கேட்டு வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தையில் கல்யாணம் நடந்தது.

எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு சுலபமான வார்த்தைகள் என்று கல்யாணமான புதிதில் பாக்கியத்தைக் கேட்டேன்.

"ஜன்னல்லேருந்து பாத்துக்கினு இருந்தேன். குதிரைக்குப் பழம் உரிச்சீங்களே. இவரை மட்டும் பாஸ் பண்ணிடணும்னு தோணிச்சு" என்றாள். "பாவம், ரைஸையே இப்படி எழுதினா இன்னா பண்றது? கஷ்டமான வார்த்தையில பெயிலானா அவமானம் கம்மின்னுதான் அப்புறம் நிமோனியாவைச் சொன்னேன். நீங்க எழுதிடுவீங்கன்னு சத்தியமா நினைக்கலை."

ஆக, அவள் எனக்காக வழியெல்லாம் பூ போட்டு வைத்திருந்தாள். நான்தான் ஒவ்வொரு பூவிலும் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

அவள் சும்மா இருப்பாளா? ஆம்பூர் வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னில் சாக்பீஸால் ரைஸ் என்று எழுதினாள், என் டபிள்யூவோடு. மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், "டபிள்யூ போட்டதா, போடாததா?" என்று கேட்பாள். ஜலீல் பாய்கூட ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும்போது "டபிள்யூ ஜாஸ்தியா வெச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்புவார். எங்கள் மகள் அந்த டின்னைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்தே கற்றாள். பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதி, கையில் பிரம்படி வாங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அப்போது மாமனார் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் பேப்பரில் அச்சுப் பிழையைக் கண்டால் பென்சிலைத் தேடுவார். பேத்தியின் சிவந்த கையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் பெயின்ட்டும் பிரஷும் வாங்கிவரச் சொல்லி, அரிசி டின்னுக்கு முன்னால் உட்கார்ந்தார். என் டபிள்யூவுக்கு ஆயுசு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். டின்னில் முகம் படும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். டபிள்யூ முதலில் நின்றது, மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"சார்!" என்றேன்.

"யார் எழுதறாங்கன்னு அன்னிக்குக் கேட்டேனே மாப்பிள்ளே. இப்போ எல்லாரும் எழுதறாங்க" என்றார். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "பாக்கியம், பசிக்குது. டபிள்யூ கொஞ்சம் போடும்மா."