பாய்ச்சல் சாமியின் கயிறு

அந்த மாதம் வட்டவளையில் தேயிலைக் கொழுந்தைவிட வேகமாக வளர்ந்தது ஒன்றே ஒன்றுதான். பாய்ச்சல் சாமியின் புகழ்!

ஹட்டனிலிருந்து வேன். லிந்துலையிலிருந்து லொறி. பட்டிப்பொலயிலிருந்து குளிரில் நடுங்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கிய கூட்டம். எல்லோருக்கும் வழி ஒன்றுதான்: மூடிக் கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை. அதன் வாசலில் ரோதமுனி இருக்கிறார். ஆலைச் சக்கரங்களுக்குக் காவல் தெய்வம். ஆலை மூடியதும், பாவம், முனிக்கும் வேலை போய்விட்டது. சாமி வந்துதான் அவருக்கு மறுபடி வேலை போட்டுக் கொடுத்தார்.

சாமியின் பழைய பெயர் கந்தப்பன். போன வருடம்வரை ஹட்டன் டவுனில் கைத்தொலைபேசிகளுக்கு ரீலோட் போட்டுக் கொண்டிருந்தவர். இப்போது காவி நிறத்தில் ட்ராக் சூட். காலில் வெளிநாட்டுச் சப்பாத்து. அருளே காலில் இறங்கிய பிறகு சப்பாத்து எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அருள் ஒரு கறுப்புக் கயிற்றில் இருந்தது. கணுக்காலில் கட்டினால் பாய்ச்சல் கூடும். பொலிஸ் வேலைக்கு மனுப் போட்டவன் வந்தான். கம்பஸில் உடற்தகுதிச் சோதனையில் மூச்சு வாங்கி உட்கார்ந்த மாணவர்கள் வந்தார்கள். மைதானத்தை நான்கு தடவை சுற்றி ஓடுவதைவிடக் கயிறு கட்டுவது சுலபம் அல்லவா?

"நான் வாயால சொல்ல மாட்டேன். கண்ணு முன்னால காட்டுவேன்!" என்பார் சாமி. காட்டவும் காட்டினார்.

முதலில் முனியிடம் உத்தரவு கேட்க வேண்டும். தொடக்கக் கோட்டில் நின்று, மார்போடு கை கூப்பி, கூப்பிய கை பிரியாமல் முன்னால் பாய வேண்டும். கால் விழுந்த இடத்தில் சாமி திருநீற்றால் கோடு போடுவார். பிறகு காணிக்கை, அதாவது இரண்டு நாள் கொழுந்து பறித்த சம்பளம். பிறகு கயிறு.

"உத்தரவு கெடச்சிருச்சு! இனி கும்பிட வேணாம். கைய வீசிப் பறந்து போடா!"

பையன் கையை வீசிப் பாய்வான். திருநீற்றுக் கோட்டுக்கு அப்பால் ஓர் அடி தள்ளி விழுவான். "முனியே!" என்று கூட்டம் அலறும்.

இதற்குப் படித்த சாட்சி வேறு. பாலச்சந்திரன் சேர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அளவு நாடாவோடு வந்தார்.

"நானும் முதல்ல நம்பேல்ல. பிறகு நானே அளந்து பாத்தனான். உண்மையாவே கூடுது! நாடா பொய் சொல்லுமோ?"

நாடா பொய் சொல்லவில்லை. நாடாவுக்கு மூளை கிடையாது, அதைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தக் கூட்டத்தில்தான் பேச்சியம்மா தன் மகள் வினோதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வினோதா பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். அடுத்த கிழமை உடற்தகுதிப் பரீட்சை. நின்ற இடத்திலிருந்து முன்னால் பாய்வதும் அதில் ஒன்று. தேறினால் கம்பஸ். தேறாவிட்டால் அம்மாவின் கொழுந்துக் கூடை அவள் முதுகுக்கு மாறும். அதற்காகவே அந்தப் பெண் விடியுமுன் எழுந்து மலைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

வினோதா கும்பிட்டுப் பாய்ந்த இடத்தில் சாமி கோடு போட்டார். கயிறு கட்டிவிட்டுச் சட்டம் சொன்னார்.

"பரீட்ச வரைக்கும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. கால்ல எறங்குன சக்தி சிந்திரும். முட்ட, மீனு ஆகாது. பாலும் பழமும் மட்டுந்தான்."

தேறினால் கயிற்றின் மகிமை. தேறாவிட்டால் விரதத்தில் பிசகு. அடடா, எப்படிப் போனாலும் நட்டமே வராத கடை!

பக்கத்து லயத்து வரிசை வீட்டுத் தனுஜா விடுமுறைக்கு வந்தபோது, வினோதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தனுஜா அதே விளையாட்டுப் படிப்பில் இரண்டாம் வருடம்.

"என்னாடி, ஓடப் போகலயா?"

"சாமி வேணாம்னுட்டாருடி. எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது."

விஷயத்தைக் கேட்டதும் தனுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பட்டினி கெடந்து பரீட்ச பாஸ் பண்ணப் போறியா? உனக்கு அறிவு கெட்டுப்போச்சா?"

"வாய மூடு புள்ள!" என்று பேச்சியம்மா உள்ளேயிருந்து சீறினாள். "சேரே அளந்து சொல்லியிருக்காரு. நாளைக்கு மறுபடி சக்தி ஏத்தப் போறோம். நீயும் வந்து பாரு."

ஆமாம், கயிற்றுக்கு வாராவாரம் சக்தி ஏற்ற வேண்டுமாம். ரீலோட் போட்டுப் பழகிய கை அல்லவா!

மறுநாள் தனுஜா போனாள். பார்த்தாள். மூன்றாவது பையன் பாய்ந்து முடித்ததும் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம். கயிறு கட்டுன பெறகு கும்பிட்டுக்கிட்டே குதிக்கலாங்களா?"

சாமியின் முகம் மாறியது. "அது கூடாது. உத்தரவு கேக்கத்தான் கும்பிடணும்."

"முனியக் கும்பிட்டா முனிக்குக் கோவம் வருமா?"

கூட்டம் சலசலத்தது. "கும்பிட வேணாம்னு எந்தச் சாமியும் சொல்லாதே!" என்றார் செல்லசாமி. கோயில் கமிட்டித் தலைவர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. சாமி கோட்டைவிட்டு விலகி நின்றார்.

தனுஜா வினோதாவைக் கோட்டில் நிறுத்தினாள். காலில் கயிறு. மார்பில் கூப்பிய கை. வினோதா பாய்ந்தாள். போன வாரம் சாமி அவளுக்குப் போட்டு, இன்னும் அழியாமல் கிடந்த திருநீற்றுக் கோட்டைக்கூட எட்டவில்லை.

"இப்ப கயிற அவுத்துரு. கைய நல்லா பின்னால கொண்டுபோயி வீசிக் குதி."

"ஐயோ, தெய்வக் குத்தம்!" என்று சாமி கத்தினார்.

வினோதா அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். கை வீசினாள். பாய்ந்தாள். பட்டினி கிடந்த கால்தான், ஆனாலும் திருநீற்றுக் கோட்டைத் தாண்டித் தொப்பென்று விழுந்தது!

"எங்க கம்பஸ்ல பிள்ளைகள ரெண்டு மாதிரியும் குதிக்க வச்சு அளந்தோம்" என்றாள் தனுஜா. "கைய வீசுனா ஒடம்ப அது முன்னால தள்ளும். கையக் கட்டிப்போட்டா தூரம் கொறையும். எங்க யாரு கால்லயும் கயிறு இல்ல."

பாலச்சந்திரன் சேர் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். "ஓம்... கயிறு இல்லாமலும் கூடுது" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அப்போதுதான் பேச்சியம்மா சேலையை வரிந்து செருகிக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். முழங்கால் வலிக்காரி. கும்பிட்டபடி ஒரு குதி. கை வீசி ஒரு குதி. இரண்டு இடத்தையும் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவி! எம்புள்ளயப் பட்டினி போட்டேனே! ஓடிக்கிட்டு இருந்தவள ஒக்கார வச்சேனே!"

அவள் சாமியை நோக்கித் திரும்பினாள். சாமி அங்கே இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். குறுக்கே அகலமான வடிகால் கான் ஒன்று, மழைத் தண்ணீர் நுரைத்து ஓடியது. சாமி இரண்டு கையையும் பின்னால் இழுத்து, வீசி, ஒரே பாய்ச்சலில் தாண்டினார். கும்பிடவில்லை!

வினோதாவுக்கு மிச்சமிருந்தது நாலே நாள். முட்டை தின்றாள், ஓடினாள், கை வீசிக் குதித்தாள். பரீட்சையில் மயிரிழையில் தேறினாள். வீணாய்ப் போன நாட்களையும் சேர்த்துப் பழகியிருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பாள் என்று தனுஜாவுக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

சேதி பரவியதும் செல்லசாமி தேங்காயும் கையுமாகப் பேச்சியம்மாவின் வாசலுக்கு வந்தார். "பேத்தி பொலிசுக்கு எழுதியிருக்கா. வினோதா பரீட்சைக்கு என்னா கயிறு கட்டிக்கிட்டுப் போச்சு?"

"சப்பாத்துக் கயிறு!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் பேச்சியம்மா.

நம்முடைய கையை நம்மை வைத்தே கட்டவைத்தான். பிறகு அவிழ்த்துவிட்டதற்குக் காணிக்கை வாங்கினான். அவ்வளவுதான் அந்த அற்புதம். இப்போது லிந்துலைப் பக்கம் ஞாபகசக்திச் சாமி ஒருவர் இறங்கியிருக்கிறாராம், வேன் கட்டிக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள் போங்கள். தலையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஐயா!