பொறுப்புச் செம்மல் மகாதேவன்

மெல்பேர்ன் மாநகரின் நாகரிக வரலாற்றை எழுதப் புகுவோர் நோபல் பார்க் மகாதேவனைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. பொறுப்போடு சூதாடுவது எப்படி என்று அந்நகருக்கு வாழ்ந்து காட்டியவர் அவர்.

வாரநாட்களில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் தட்டு அடுக்கினார். அங்கே மேற்பார்வையாளர் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, கையைத் தட்டுவார். சனிக்கிழமைகளில் ‘சில்வர் பெலிக்கன்’ சூதாட்ட மாளிகைக்குப் போவார். அங்கே வாசற்காவலர் முதல் கோப்பி கொண்டுவரும் பெண் வரை எல்லோருக்கும் அவர் ‘மிஸ்டர் மகா’. மனிதனுக்கு இதைவிட வேறென்ன இலாபம் வேண்டும்? வேறு இலாபம் அவருக்குக் கிடைத்ததுமில்லை.

அவருடைய ஒழுக்கம் தனித்துச் சொல்லத் தக்கது. ‘சற்று ஓய்வெடுங்கள்’ என்று சூதாட்ட மெஷினின் திரையில் அறிவுரை தோன்றினால் உடனே கீழ்ப்படிவார். எழுந்து, இலவசக் கோப்பி குடித்து, புத்துணர்ச்சியோடு அதே கதிரையில் வந்து அமர்வார். தோற்கும் காசுக்குத் தமக்கென்று ஓர் ‘எல்லை’ வகுத்திருந்தார். அது போதாதபோது கள்ளத்தனமாகத் தாண்டமாட்டார்; முறைப்படி உயர்த்திக்கொள்வார். காரை விற்ற பிறகு ரயிலில் வரத் தொடங்கினார். இதனால் சுற்றுச்சூழலும் பயனடைந்தது.

இத்தகைய மனிதரை மாளிகை கவனிக்காமல் இருக்குமா? ‘பொறுப்பான பொழுதுபோக்கு வாரம்’ வந்தபோது, ‘விளையாடுவோர் நலன்’ அதிகாரி சுஜீதன் அவரைத் தேடி வந்தான். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான்.

“அங்கிள், இந்த வருஷத்து விருது உங்களுக்குத்தான்.”

“எனக்கோ? நான் ஒருநாளும் வெண்டதில்லையே தம்பி.”

“வெண்டவைக்கு என்னத்துக்கு அங்கிள் விருது? நீங்கள் தோத்துப்போட்டும் ‘தாங்க்யூ’ சொல்லிப்போட்டுப் போறியள். அதுதான் பொறுப்பு.”

மகாதேவனுக்குக் கண் கலங்கியது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் ஒரு பரிசு வாங்கியதில்லை.

“வீட்டில சொல்லத் தேவையில்லைத்தானே?”

“நோ வொறிஸ் அங்கிள். எல்லாம் ரகசியம்.”

ஆனால் நிகழ்ச்சி நிரலில் ‘குடும்ப ஆதரவு’ என்று ஓர் அங்கம் இருந்தது. ஆதரவுக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டது. மேலிடம் பணிக்கவே, சுஜீதன் மகாதேவனின் மனைவி மிருணாளினிக்குப் போன் எடுத்தான்.

“அன்ரி, அங்கிளுக்கு ஒரு விருது குடுக்கிறம். வாற சனி நீங்களும் வாங்கோ. அவருக்குச் சொல்லாதேங்கோ, சர்ப்ரைஸ்.”

“என்னத்துக்குத் தம்பி விருது?”

“ஒரு சனிக்கிழமையும் விடாமல் வாறதுக்கு.”

மிருணாளினி உருகிப்போனாள். ஓவர்டைம் என்று சொல்லி மனுசன் சனி தவறாமல் ஓடியது வீண்போகவில்லை. பட்டுச்சேலை உடுத்தாள். தோழியின் காரில் வந்து இறங்கியபோது, தொழிற்சாலைக்காரர் விழாவுக்கு நல்ல பெரிய மண்டபமாக எடுத்திருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டாள். உள்ளே வந்து, சுற்றிலும் மினுங்கும் மெஷின்களைக் கண்ட பிறகுதான் அவளுடைய நடை தளர்ந்தது.

மேடையில், பல்பண்பாட்டுக்கு மதிப்பளித்து, மகாதேவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘சமூகத்துக்கே முன்மாதிரி’ என்றார் முகாமையாளர். கைகூப்பித் திரும்பிய மகாதேவன் முன்வரிசையில் தன் மனைவியைக் கண்டார். கூப்பிய கை அப்படியே நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, வீட்டுக்குப் போகவேண்டும் என்று அந்த மாளிகையில் அவருக்குத் தோன்றியது.

“குடும்பம் சார்பில ரெண்டு வார்த்தை, அன்ரி,” என்று சுஜீதன் மைக்கை நீட்டினான்.

அவள் அழவில்லை. கணவனைப் பார்க்கவுமில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். இவர் ஓவர்டைம் காசு முழுக்க வீட்டுக்கெண்டு கட்டுறன் எண்டு சொன்னவர். வீட்டை ஒருக்காக் காட்டுங்கோ எண்டு கேட்டா, இன்னும் கட்டி முடியேல்லை, பொறு எண்டுவார். நானும் பொறுத்தன்.” பளிங்குத் தூண்களையும், கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்குகளையும் அவள் நிதானமாகப் பார்த்தாள். “இண்டைக்குத்தான் பாக்கிறன். நல்ல வடிவாக் கட்டியிருக்கிறியள்.”

தமிழ் விளங்காத மண்டபம் பலமாகக் கைதட்டியது. முகாமையாளர் நெகிழ்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

“கட்டடத்தைப் பாராட்டுகிறார், சேர்,” என்று சுஜீதன் ஆங்கிலத்தில் சொன்னான்.

“வேறு ஏதும் சொல்ல விரும்புகிறாரா?”

சுஜீதன் தயங்கித் தயங்கிக் கேட்டான். மிருணாளினி முகாமையாளரின் முன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“சாவியைத் தரச்சொல்லும் தம்பி.”