அறுபத்திரண்டில் நின்ற கல்யாணம்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி நாகையாவுக்கு அண்ணன் பக்கிரிசாமி சொல்லி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். பந்திங்கில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் தபால். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். மருமகள் வாணி எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, கோபம் என்னுடையது.

நம் தங்கச்சி அமுதவள்ளி நம்மை விட்டுப் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். அவள் சாவு வீட்டில் நாம் போட்ட சண்டையை ஊரே பார்த்தது. நான் சொன்னதில் என்ன தப்பு? எண்பத்தாறில் அவள் கல்யாணம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மண்டபம், மூன்றாவது பந்தி. ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போய் மேளச் சத்தமே அமுங்கிப்போன நேரம். நீ போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. ரயில் சத்தம் நின்றதும், "இது பாயசமா, இல்ல கை கழுவுற தண்ணியா லா?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய். பந்தியைப் பார்க்க வந்த கல்யாணப் பெண் அப்படியே நின்று அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் பாயசக் கரண்டியோடு வந்து, "தண்ணியா இருக்காண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பாளே, அது உனக்காகத்தான். இதைச் சொன்னால், "சொன்னது நீதான், நான் இல்ல. ஆதாரம் காட்டு, அப்புறம் உன் வாசலுக்கு வரேன். அது வரைக்கும் உன் வீட்டு ஆள் யாரும் என் வாசலுக்கு வரக் கூடாது" என்று போய்விட்டாய். ஒரு வருஷமாகப் பேச்சில்லை. திதிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்காவிட்டால் அவள் படத்தை நான் எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்?

ஆதாரம் இருக்கிறதப்பா. கல்யாண வீடியோ டேப்பை வாணி கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்திருக்கிறாள். பிஸ்கட் டின் அளவுதான், குடும்பத்துப் படமெல்லாம் அதற்குள். இண்டர்நெட் வழியாக எந்த ஊரிலிருந்தும் இழுத்துக்கொள்ளலாமாம். உன் மகள் விஷ்ணுப்ரியாவும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, தினமும் மதியம் இரண்டு மணிக்கு அங்கிருந்து இழுக்கிறாள். அறுபத்திரண்டு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 'பதில் வரவில்லை, நேரம் முடிந்தது' என்று வந்து நின்றுவிடுகிறது. மறுநாள் முதலிலிருந்து. பந்திங்குக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், இந்தக் கல்யாணம் மூன்று வாரமாகப் போகிறது. அதுவும் உன் வீட்டில் மாலை மாற்றி, தாலி கட்டி, அதோடு சரி. பந்தி வருவதே இல்லை. உன் குட்டு இருப்பதோ பந்தியில்.

வாணி முதலில் வயரை மாற்றினாள். பிறகு, "பெட்டி சும்மா இருந்தா தூங்கிடுது மாமா" என்று அதைத் தூங்காதபடி செய்தாள். அப்புறமும் அறுபத்திரண்டு. கடைசியில் இண்டர்நெட் லைன் பார்க்கிற பையன் ஒருவன் வந்து, "எப்ப எப்ப கட் ஆச்சுன்னு குறிச்சு வெச்ச லாக் இருக்கா அங்கிள்?" என்றான். "உட்காருடா" என்றேன். எழுத்துதான் தெரியாது, விஷ்ணுப்ரியா தினமும் வாணிக்கு அனுப்புகிற நேரமெல்லாம் மனசில் இருக்கிறது. "திங்கள் மூணு அம்பத்தெட்டு. செவ்வாய் நாலு அஞ்சு. புதன் இழுக்கல, புள்ளைக்கு மீட்டிங். வியாழன் மூணு அம்பது" என்று மூன்று வாரத்தையும் ஒப்பித்தேன். "அங்கிள், நீங்களே ஒரு சர்வர் லா" என்றான்.

'பதில் வரவில்லை' என்று வாணி படித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் பழைய ரயில் வேலைதான் ஞாபகம். நான் இந்த ஸ்டேஷன், நீ அடுத்த ஸ்டேஷன், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். இங்கே மாஸ்டர் மணி அடித்தால் அங்கேயிருந்து பதில் மணி வரும். அது வராமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. மழை நாளில் வண்டி டிரைவருக்குக் கொடுக்கிற டோக்கன் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று, அந்தப் பக்கம் என் தம்பி இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அது போகட்டும். எப்போதும் நான்கு மணி வாக்கில்தானே நிற்கிறது, நேற்று மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வானம் கறுத்தது. முதல் இடி. சமையற்கட்டிலிருந்து உன் அண்ணி லோகேஸ்வரி வந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை, இண்டர்நெட் பிளக்கை உருவினாள், போய்விட்டாள்.

"என்னடி பண்ற?"

"இடி இடிக்குதுல்ல?"

"என்னிக்கிலேருந்து இந்த வேலை?"

"தொண்ணூத்தி மூணுல டிவி எரிஞ்சதுலேருந்து. முப்பது வருஷமா ஒரு பிளக்கு விடாம உருவுறேன், உங்களுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

இனிமேல் கவலை இல்லை. காலையில் இடி கிடையாது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, விடிந்ததும் ஆறு மணிக்கே இழுக்கச் சொல்லி விஷ்ணுப்ரியாவிடம் சொல்லியாகிவிட்டது. பந்தி முழுசாக உன் வீட்டுக்கு வரும். பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, அமுதா படத்துக்கு முன்னால் நாலு பேர் கேட்க, "சொன்னது நான்தான்" என்று சொல். அது போதும்.

பத்துமலை முருகன் உன்னையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். அண்ணியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
பக்கிரிசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், "படம் கடைசி வரைக்கும் நல்லா இருக்கான்னு ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க மாமா" என்று வாணி சொன்னாள். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே, எதற்குப் பார்க்க வேண்டும்? பார்த்தேன். மூன்றாவது பந்தி சரி. ரயில் ஊதியது சரி. நீலக் கட்டம் சரி, பொத்தான் இல்லாததும் சரி. சட்டைக்குள் இருந்த ஆள்தான் தப்பு. நீ பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, "சும்மா இருண்ணே" என்று என் கையைப் பிடிக்கிறாய். அமுதா எல்லா தீபாவளிக்கும் என் டம்ளரில்தான் முதலில் ஊற்றுவாள். பெரியவன் என்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பிளக்கை நானே உருவி வைத்துவிடுவேன், இடி இல்லாவிட்டாலும். அந்தப் படம் பெட்டி வழியாக உனக்கு வர வேண்டாம். நேரில் வா, அவள் படத்துக்கு முன்னால் நான் சொல்கிறேன். அன்றைக்குப் பாயசம் லோகேஸ்வரி வைக்கிறாள். தண்ணியாக இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.