ஜெனரலை யாராவது பார்த்தீர்களா?

ஹாபர் வீட்டுக் கழிப்பறைப் பீங்கான் நான்கு நாளாக முன்புறப் புல்வெளியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தபால்காரர் அதற்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் கடிதம் போட்டார். ஃப்ரெஸ்னோ நகரத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே காரில் வந்தார்கள். மீதிப் பேருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

வெண்டல் ஹாபரின் கவலை வேறு. மனைவி லவோன் ரீனோவிலுள்ள அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள்:

"எல்லா ஆளையும் வச்சு மேய்க்கற, லைசென்ஸ் உள்ள ஜெனரல் கான்ட்ராக்டர் இல்லாம என் பாத்ரூம்ல ஒரு ஆணி அசையக் கூடாது. அசைஞ்சுது, அப்புறம் உனக்குக் கராஜ்லதான் குடித்தனம்."

இன்று மதியம் திரும்பி வருகிறாள்.

பாத்ரூமைப் புதுப்பிக்க வெண்டல் பிடித்த ஆள் டஸ்டி. முதல் நாளே கேட்கத்தான் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்காப்பா?"

"இந்த வேலையில லைசென்ஸ் பிரச்சினையே வராது பெரியவரே! இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கையெழுத்துப் போடுங்க."

டஸ்டி தன் வண்டியின் முகப்பில் விரித்த காகிதங்களில், மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல், வெண்டல் பதினோரு இடத்தில் கையெழுத்திட்டார். டஸ்டி ஒரு பிளம்பரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் கொண்டுவந்து விட்டான், பீங்கானைப் பிடுங்கி வெளியே வைத்தான், போனவன் போனவன்தான்.

இன்று காலை பிளம்பர் ஹாகோப் சுவரைத் தட்டிப் பார்த்தார். "டாய்லெட்ட எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"அத ஜெனரல் சொல்லுவாரு" என்றார் வெண்டல்.

"அதான் கேக்கறேன்" என்று ஹாகோப் வெண்டலையே பார்த்தார்.

வெண்டல் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை.

பட்டாளத்தில் மூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்தபோதுகூட அவர் ஒரு ஜெனரலை இப்படித் தேடியதில்லை.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஜன்னல் பக்கம் வையி" என்றார்.

ஹாகோப் ஜன்னல் பக்கம் துளை போட்டார். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் ரொசெண்டோ அலறிக்கொண்டு வந்தார்.

"என் ஒயர் மேலயே துளையா? எவன்யா சொன்னான்?"

"ஜெனரலக் கேளு!" என்றார் ஹாகோப்.

ரொசெண்டோவும் வெண்டலைப் பார்த்தார். "சரி, ஒயர இனிமே எப்படிக் கொண்டுபோறது?"

"எனக்கென்னப்பா தெரியும்? கராஜ் வழியா இழு."

இழுத்தார். பாத்ரூம் விளக்கைப் போட்டால் கராஜ் கதவு திறந்தது. கதவை மூடினால் சமையலறை மிக்ஸி சுற்றியது. மிக்ஸியை நிறுத்தப்போனால் வாசல் மணி அடித்தது.

இல்லை, மணியை அடித்தது ஆள்தான். நகராட்சிக் கட்டட இன்ஸ்பெக்டர் மாய் வாங், வேலைக்கான பர்மிட் காகிதங்களைச் செருகிய அட்டையுடன் நின்றார். அவருக்குப் பின்னால் லவோனின் கார் வந்து நின்றது. அவள் பீங்கானைப் பார்த்தாள். பீங்கானும் அவளைப் பார்த்தது.

"வெண்டல்!"

வெண்டலுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, எழுதிக்குங்க! இந்த ஜெனரல் கான்ட்ராக்டர் மாதிரி ஒரு மடையன ஏழு ஊர்லயும் பாக்க முடியாது. சுவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது, ஒயர் எது குழாய் எதுன்னு தெரியாது. கேட்டா ஆளே இல்ல!"

ஹாகோப்பும் ரொசெண்டோவும் தலையைக் குனிந்துகொண்டு பலமாக ஆமோதித்தார்கள்.

லவோனின் கோபம் திசை மாறியது. "ஐயோ பாவம், என் புருஷன ஏமாத்திட்டானே! அந்தத் தடிமாடு யாரு? பேரச் சொல்லுங்க. அவன என் கராஜ்லயே போட்டுப் பூட்டறேன்."

"விடாதீங்கம்மா, பேரோட எழுதுங்க!" என்று துள்ளினார் வெண்டல்.

மாய் வாங் பர்மிட்டைப் புரட்டினார். பேனா மூடியைக் கழற்றினார்.

"'வீட்டுக்காரரான நானே ஜெனரல் கான்ட்ராக்டர், எல்லாப் பொறுப்பும் என்னுடையது'ன்னு பதினோரு கையெழுத்து இருக்கு. சார், வெண்டல்ங்கறதுக்குக் கடைசியில ஒரு 'எல்'லா, ரெண்டு 'எல்'லா?"